மொழி என்னும் கட்டம்

இருப்புப் பதிவேட்டில் ஏழு கட்டங்கள்.
ஐந்தாவது, மொழி.
மீனாட்சிபுரத்தில் அதற்கு இரண்டே பதில்,
'த' அல்லது 'ம'.
முந்நூற்று நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு எதிரே
மூன்று வருடமாய் ஒரு பென்சில் புள்ளி.
சித்தூரிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்
புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டு
அச்சகத்துக்காரன் ஏமாற்றிவிட்டானா என்றார்.

அதில் எழுத்து இல்லை.
ஒரு சிறுமி, ஒரு வாய்க்கால், ஒரு மஞ்சள் செருப்பு.
செருப்பு மிதந்து போகிறது.
இருபத்துநாலு பக்கமும் போகிறது.

முதல் வருடம் நான் சும்மா இருக்கவில்லை.
படத்துக்குப் படம் கதை சொன்னேன்,
தமிழ் டிவிஷனுக்கு ஒரு தடவை:
ஐயோ, செருப்பு விழுந்துருச்சே!
மலையாளம் டிவிஷனுக்கு ஒரு தடவை:
அய்யோ, செரிப்பு வீணுபோயி!
அத்தனை கண்ணும் என் வாயில்.
மடியில் விரித்திருந்ததை
ஒருவரும் பார்க்கவில்லை.

பிறகு எனக்குத் தொண்டை கட்டியது ஒரு வாரம்.
வேறு வழியில்லாமல்
பக்கத்தை மட்டும் புரட்டினேன்.
சுவாதிகா முட்டிபோட்டு நகர்ந்து வந்தாள்.
இரண்டாம் பக்கத்தில் விரல் வைத்தாள்.
"விழலைங்க டீச்சர். போட்டுட்டா."

பார்த்தேன்.
நான் வருடம் முழுக்க ஐயோ சொன்ன இடத்தில்
அந்தப் பெண் குனிந்து
ஐந்து விரலையும் விரித்திருந்தாள்.

"எதுக்குப் போட்டா?" என்றான் மோனிஷ்.
"அவளோடு சோதிக்கடா" என்றான் அஜ்னாஸ்,
அவளிடமே கேள் என்று, படத்தைக் காட்டி.
எனக்கு ஒரு பதில் வந்தது.
விழுங்கினேன். வலித்தது.

கர்க்கடக மழையில் ஒரு காலை
மணி அடிக்கும் முன்னே ஆறுச்சாமி நின்றார்,
உரச்சாக்கில் சுற்றிய புத்தகத்தோடு.
கூரை ஒழுகிவிட்டதாம்.
"எழுத்தெல்லாம் கரைஞ்சு போச்சுங்க டீச்சர்.
புள்ள அழிக்கலை. மழைதானுங்க."
நீட்டிய ஐம்பது ரூபாயும் ஈரம்.

இதில் எழுத்தே கிடையாதுங்க என்றேன்.
நம்பவில்லை.
"அப்ப ராத்திரி ஒரு மணி நேரம் வாசிச்சாளே தம்பிக்கு?
நடுவுல ஒரு எடத்துல நிறுத்தி
மறுபடி முதல்லருந்து வேற வாசிச்சா."

நின்றபடியே புரட்டினார்.
மூலத்தறை ஷட்டரில் அவருக்குத் தற்காலிக வேலை,
ஆகாயத்தாமரை, வாழைமட்டை, செத்த ஆடு,
சிக்குவதையெல்லாம் கொக்கி போட்டு இழுப்பது.
பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டார்.
"தண்ணி மேட்டுல ஏறுதுங்களே."
இன்னும் இரண்டு பக்கம்.
"ஒரு ஷட்டர்கூட வெக்கலையா இவங்க?"
கடைசியில் கடல். அதில் கடுகளவு மஞ்சள்.
தலையை ஆட்டினார்.
"கடலுக்கெல்லாம் போகாதுங்க.
நம்மகிட்ட வந்து மாட்டிக்கும்.
ஒத்தச் செருப்பு எத்தனை எடுத்துருக்கேன்.
புள்ளைக செருப்புதான் நெறைய.
ஒவ்வொண்ணு எடுக்கறப்பவும்
பின்னாடி வேற என்ன வருதோன்னு
தண்ணியவே பாத்துட்டு நிப்பேன்."

மழை சற்று ஓய்ந்து மறுபடி பிடித்தது.
பொள்ளாச்சி பஸ் செக்போஸ்ட்டில் ஹாரன் அடித்தது.

இரண்டாம் பக்கத்துக்குத் திரும்பி வந்திருந்தார்.
விரித்த கையை வெகுநேரம் பார்த்தார்.
"வேணும்னே போடறதுங்களா, அதெல்லாம்?"

தெரியாது என்றேன்.
மகள் அப்படித்தான் சொல்கிறாள் என்றேன்.
ரூபாயை எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.
மேஜையில் வைத்துவிட்டுப் போனார்,
மாலையில் சுவாதிகாவின் பையில் திருப்பி வைத்தேன்.

பதிவேட்டையே பாரமாய் வைத்து
மூன்று நாள் காயவைத்தேன் புத்தகத்தை.
பதினோராம் பக்கத்தில் மட்டும்
உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை,
வாய்க்காலுக்குக் குறுக்கே.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் பீரியட்.
ஆனை என்றான் அஜ்னாஸ்.
ஆனைமலை என்று திருத்தினான் மோனிஷ்.
கறைடா அது என்று பின்னாலிருந்து ஒரு குரல்.
சுவாதிகா எதுவும் சொல்லவில்லை.
காகிதத்தின் ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கி
செருப்பு அதைத் தாண்டிப் போயிருக்கிறதா என்று
குனிந்து பார்த்தாள்.